முன்னால் ஒரு இரண்டு

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் பெரியப்பாவின் பெயர் மரியநாயகம் என்று தெரியாது. சின்னவர்களுக்கு அவர் ரெண்டு அங்கிள். அவர் வயதுக்காரர்களுக்கு ரெண்டு நாயகம். புதிதாக மாற்றலாகி வந்த பங்குச் சாமியார் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, அவருக்கு இரண்டு தாரம் என்று நினைத்துத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அந்தக் கதையை எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். மகதலேனா பெரியம்மா மட்டும் சிரிக்கமாட்டார். "ஒன்ன வச்சே காப்பாத்தத் தெரியல, இவருக்கு ரெண்டு கேக்குதாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அது தொலைபேசி எண்ணால் வந்த பெயர்.

பெரியப்பா ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவர். அவருடைய அப்பா தண்டவாளத்தில் வேலை செய்தார். மகன் அதைவிட மெல்லிய கம்பிக்குப் போனார். டெலிகோமில் கேபிள் இணைக்கிற வேலை. சாலையோர மூடியைத் திறந்து குழிக்குள் இறங்கி, முடி போன்ற கம்பிகள் நூற்றுக்கணக்கில் கிடக்க, எது எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீரில் நிற்பார். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் அவரைத் துறைமுக ஊரான கிள்ளானுக்கு மாற்றினார்கள். காலையில் கொமூட்டர் ரயிலில் போய் மாலையில் அதே ரயிலில் திரும்புவார்.

எண்கள் மாறியது அந்த நாட்களில்தான். கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் பொதுவான குறியீடு 03. பினாங்குக்கு 04, ஜொகூருக்கு 07 என்பது போல. அதற்குப் பின்னால் வருவதுதான் வீட்டின் எண். எங்கள் பக்கம் அது ஏழு இலக்கமாக இருந்தது. ஊர் பெருத்தது. வீட்டுக்கு ஒரு போன் போதாமல் பேக்ஸுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று கேட்கத் தொடங்கினார்கள். இருந்த எண்கள் போதவில்லை. அதனால் முன்னால் ஒன்றைச் சேர்த்து எட்டாக்கினார்கள். பிரிக்பீல்ட்ஸில் 2 என்று தொடங்கிய எண்களுக்கு முன்னால் இன்னொரு 2. கிள்ளானில் 3 என்று தொடங்கியவற்றுக்கு முன்னால் இன்னொரு 3.

ஒரே ஒரு இலக்கம்தான். ஆனால் அதற்கு ஊரே தடுமாறியது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த எண் தப்பாகிப்போனது. மருமகள் வேண்டுமென்றே போனை எடுப்பதில்லை என்று மாமியார்கள் சண்டைக்கு வந்தார்கள். பூசை முடிந்ததும் பெரியப்பா கோவில் வாசலில் நின்றுகொள்வார்.

"ஆண்டவரு பத்துக் கட்டளை குடுத்தாரு. நான் ஒன்னே ஒன்னுதான் குடுக்குறேன். முன்னால ரெண்டு போடுங்க!"

"பின்னால போட்டா என்னா ஆகும் நாயகம்?"

"வேற எவனாச்சும் எடுப்பான். அவன்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வச்சிடு."

வாரத்தில் ஐந்து நாள் கிள்ளானில் "முன்னால மூணு போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் "முன்னால ரெண்டு போடுங்க" என்று சொன்னார். இங்கே பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் வீட்டு எண் எங்கள் குடும்பம் முழுவதற்கும் மனப்பாடம். நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளில் என் கைப்பேசி எண் நாட்டுக்கு நாடு மாறியது. நினைவில் தங்கியிருந்தது அந்த ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து கூப்பிடும்போது மலேசியாவுக்கான 60 போட்டு, 03-இல் இருக்கிற பூஜ்யத்தை விட்டுவிட்டு, மூன்றிலிருந்து தொடர வேண்டும். மணி அடித்தால் பெரியப்பாதான் எடுப்பார். ஹலோ சொல்லமாட்டார். டெலிகோம் பழக்கத்தில் தன் எண்ணையே ஆங்கிலத்தில் சொல்வார். "டபுள் டூ செவன் ஃபோர்" என்று ஆரம்பித்து எட்டையும் முடித்துவிட்டுத்தான் "யாரு?" என்பார்.

ஒரு தடவை துருக்கியில் ஒரு பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டேன். "டூ செவன் ஃபோர்" என்று ஆரம்பித்தார். ஒரு இலக்கம் குறைந்தது. லைன்தான் விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாதமும் ஏழுதான் சொன்னார். அன்றைக்குப் பெரியம்மா பேசும்போது கேட்டேன்.

"என்ன பெரியம்மா, பெரியப்பா சொல்ற நம்பர்ல ஒன்னு கொறயுது?"

"அதுதான் லா மொதல்ல போச்சு," என்றார். "அப்புறம் ரயில் பிடிச்சு எங்க எறங்கணுங்கிறது போச்சு. போன வாரம் பெத்த புள்ள ரயன் பேரே போச்சு. நீ எப்ப வர்ற? உன் பேரு இருக்கான்னு வந்து பாத்துக்க."

போன ஆண்டு திரும்பி வந்தேன். வேலை கிடைக்கிற வரைக்கும் அவர்கள் வீட்டின் பின்னறையில் தங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. என் பெயர் அவரிடம் இல்லை. என்னை யாரோ புகார் கொடுக்க வந்த பெண் என்று நினைத்து, "எப்பலேர்ந்து லைன் வரல?" என்று அன்பாகக் கேட்டார்.

மறதி நோய் கடைசியாகச் சேர்ந்ததை முதலில் எடுத்துக்கொள்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெரியம்மா விடவில்லை. தினமும் மாலை ஜெபம் முடிந்ததும் அவரை எதிரில் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது போலக் கேட்பார்.

"புது நம்பருக்கு முன்னால என்னா போடணும்?"

"ரெண்டு."

"சரி. இப்ப நம்ம வீட்டு நம்பரச் சொல்லுங்க."

"டூ செவன் ஃபோர்..."

"முன்னால ரெண்டு எங்க?"

"இதுக்கு எதுக்கு? இது நம்ம வீடு."

விதி அவருக்குத் தெரிந்திருந்தது. அது தன் வீட்டுக்கும் உண்டு என்பதுதான் தெரியவில்லை.

சட்டைப் பையில் எண் எழுதிய அட்டையை வைத்தால், பேனாவை எடுத்து முதல் இரண்டை அடித்துவிடுவார். "எவனோ ஒன்னு அதிகமா எழுதிட்டான்" என்று முணுமுணுப்பார். எண் பொறித்துக் கையில் மாட்டிய வளையத்தைக் கழற்றிக் கழிவறையில் போட்டார். அடையாள அட்டையான ஐ.சி. இரண்டு தடவை தொலைந்தபின் பெரியம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டார். கடைசியில் துணித்துண்டில் பெயரையும் எண்ணையும் எழுதி, எல்லாச் சட்டைகளிலும் காலருக்கு உள்ளே தைத்துவிட்டார். அங்கே அவருடைய பேனா எட்டவில்லை.

ரயன் அவர்களுடைய ஒரே மகன். பூச்சோங்கில் குடும்பத்தோடு இருக்கிறார். சனிக்கிழமைகளில் வருவார். வரும்போதெல்லாம் அந்த வீட்டுப் போனைப் பார்த்து ஒரு சண்டை.

"மம்மி, யாருக்கு இந்த லைன்? எல்லார்கிட்டயும் ஹேண்ட்போன் இருக்கு. இதுல கூப்பிடுறது ஏமாத்துக்காரன் மட்டும்தான்."

அது பொய்யில்லை. அந்த வாரம்தான் ஒருவன் கோர்ட்டிலிருந்து பேசுவதாகக் கூப்பிட்டு, மகதலேனா பெயரில் கேஸ் இருப்பதாகவும் போலீஸ் வருவதாகவும் சொல்லியிருந்தான். "வரட்டும் தம்பி. வர்றப்போ பாசார்ல அரைக்கிலோ மீன் வாங்கிட்டு வரச் சொல்லு, எனக்கு வெளிய போக முடியல" என்று பெரியம்மா சொன்னதும் வைத்துவிட்டான்.

"உங்கப்பாவுக்கு வேற எந்த நம்பரும் தெரியாது ரயன்," என்றார் பெரியம்மா. "உன் நம்பர் தெரியுமா? என் ஹேண்ட்போன் நம்பர் தெரியுமா? எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா அவரு சொல்லப்போறது இது ஒன்னுதான்."

"அவரு சொல்றதே ஏழு நம்பர் மம்மி! அத அடிச்சா வராது."

"கேக்குறவங்களுக்குப் புத்தி இருக்கும் லா. முன்னால ரெண்டு போட்டுப் பாப்பாங்க."

ரயன் என்னைப் பார்த்தார். முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாருக்கும் ஏழு இலக்கக் காலம் ஒன்று இருந்ததே தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது இந்த வீட்டால்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் காணாமல் போனார். நான் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். பெரியம்மா குளிக்கப் போனபோது கிரில் கதவின் பூட்டைச் சரியாக அழுத்தவில்லை. திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய வேலைச் சட்டையைக் காணோம். அதில் மட்டும் பெரியம்மா துணித்துண்டு தைத்திருக்கவில்லை. அதை அவர் இனிப் போட்டுக்கொள்வார் என்று யாரும் நினைக்கவில்லை. காற்சட்டைப் பையில் ரயில் அட்டை இருந்தது. அது கையில் இருந்தால் அவருக்கு நிம்மதி என்று பெரியம்மாவே விட்டு வைத்திருந்தார்.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். வேலைக்குப் போயிருப்பார் என்று முதலில் சொன்னது பெரியம்மாதான். ரயன் பூச்சோங்கிலிருந்து வந்து போலீசில் புகார் கொடுத்தார். அங்கிருந்து அப்படியே, நேர்காணல் முடிந்து வந்த நானும் அவருமாகக் கிள்ளானுக்குப் போனோம். பெரியம்மா வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னார். "போன் அடிச்சா எடுக்க ஆள் வேணாமா?"

கிள்ளான் ஸ்டேஷனைச் சுற்றித் தேடினோம். பழைய வேலையிடத்தின் வாசல் காவலாளி யாரையும் பார்க்கவில்லை என்றார். இருட்டும் நேரத்தில் தெங்கு கிளானா சாலைக்கு வந்தோம். பூக்கடை ஒன்றில் படத்தைக் காட்டியதும் மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஐயோ, இந்த அண்ணனா? இங்கதான் உக்காந்திருந்தாரு."

அவர் பெயர் அமுதவள்ளி. அறுபதைத் தாண்டியவர். அந்த நாற்காலியையே காட்டினார். பக்கத்தில் காலி தேநீர் கிளாஸ் இன்னும் இருந்தது.

"மத்தியானம் வந்தாரு. லைன் பாக்க வந்தேன்னு சொன்னாரு. பாத்தா புரிஞ்சிடுச்சு, எங்கப்பாவும் கடைசியில இப்படித்தான். வீட்டு நம்பர் சொல்லுங்கண்ணேன்னு கேட்டேன். டக்குனு சொன்னாரு, ஒரு தடுமாற்றம் இல்ல. அடிச்சேன், போகல. ஹேண்ட்போன்ல அடிச்சா முன்னால சீரோ த்ரீ போடணும்ல, போட்டேன். அப்பவும் மலாய்ல ஒரு பொம்பள ரெக்கார்டிங்ல அந்த நம்பர் இல்லங்குது. அப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு, இது பழைய நம்பர்னு."

ரயன் நிமிர்ந்தார். "தெரியுமா ஆன்டி உங்களுக்கு?"

"தெரியாம? அப்பவே நான் இந்தக் கடையில இருக்கேன் தம்பி. நம்பர் மாறினப்போ டெலிகோம்காரரு ஒருத்தரு கடை கடையா ஏறி எறங்கிச் சொன்னாரு. முன்னால மூணு போடுங்கன்னு. அதான் இப்பவும் மூணு போட்டேன்."

ரோட்டில் ஒரு லோரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"மணி அடிச்சுது. ஒரு மலாய்க்கார அம்மா எடுத்தாங்க. சாலா நொம்போர், காக் அப்படின்னாங்க. தப்பு நம்பராம். நான் திரும்ப அடிச்சேன். மூணாவது தடவை ஏசிட்டு வச்சிட்டாங்க." அமுதவள்ளி என் முகத்தைப் பார்த்தார். "என்னாம்மா? ஏன் அப்படிப் பாக்குற?"

"அவரு பிரிக்பீல்ட்ஸ் ஆன்டி," என்றேன். "எங்களுக்கு ரெண்டு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

மீதியையும் அவர்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு மாலை வாங்க ஆட்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். "அண்ணே, இது உங்க வீட்டு நம்பர் இல்ல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா மறுபடியும் அதே ஏழு இலக்கத்தைச் சொன்னார். "இல்லண்ணே, அது வேற யாரோ எடுக்குறாங்க." இன்னொரு தடவை சொன்னார், இந்த முறை மெதுவாக. பிறகு சொல்லவில்லை. அமுதவள்ளியின் கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"லைன் டெட். நான் போய் பாக்குறேன்."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. வரிசை குறைந்து அமுதவள்ளி நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே பெரியம்மா எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நம்பர் சொன்னாரா?"

"சொன்னாரு பெரியம்மா. சரியா சொன்னாரு."

"எத்தன பேரு கேட்டாங்களோ," என்றார். பிறகு, "போன வை. லைன் பிஸியா இருந்தா எப்படி?"

அந்த இரவு கிள்ளானில் பெருமழை. காலையில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் நாசி லெமாக் சோறு விற்கிற ஒருவர் அவரைப் பார்த்துப் படம் எடுத்துப் போட்டார். அது யார் யார் கைப்பேசிக்கோ போய் ரயனிடம் வந்தது. சாலையோரத்தில் டெலிபோன் கம்பிகள் வந்து சேருகிற இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதன் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார். விரல் நகங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. ரயன் முட்டி போட்டு "டேடி" என்று கூப்பிட்டபோது, "சாவி மறந்துட்டேன்" என்றார்.

நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் கிடந்தார். மெலிந்து வீட்டுக்கு வந்தார். உயிரோடு திரும்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியம்மாவும் சொன்னார். கோவிலில் மெழுகுத்திரி ஏற்றினார்.

அன்று மாலை ஜெபம் முடிந்ததும் பழையபடி எதிரில் உட்காரவைத்தார்.

"நம்ம வீட்டு நம்பர் என்னா?"

பெரியப்பா சட்டைக் காலரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. டூ செவன்..."

"அந்த நம்பர் இல்ல லேனா," என்றார். "அது வேற யாரோ எடுக்குறாங்க."

பெரியம்மா அதற்குப் பிறகு இரண்டைப் பற்றிப் பேசவில்லை. முன்னால் ஒன்றும் போடவேண்டாம், அந்தப் பழைய ஏழு இலக்கத்தையாவது திரும்பச் சொல்லிவிட மாட்டாரா என்று தினமும் கேட்டார். சோறு ஊட்டும்போது கேட்டார். முதுகு தேய்க்கும்போது கேட்டார். ஒருநாள் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், அங்கிருந்து வீட்டு எண்ணை அழுத்தினார். கூடத்தில் மணி அடித்தது. பெரியப்பா அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மணி அடிக்க அடிக்க, அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. எங்கள் எல்லோரையும் விட அதிகமாக அந்தப் போனை எடுத்தவர் அவர்.

பெரியம்மா கைப்பேசியைக் காதில் வைத்தபடி சமையலறை வாசலில் நின்றார். மணி தானாக ஓய்ந்தது.

அடுத்த சனிக்கிழமை ரயன் வந்தார். இப்போது அவர் போனைப் பற்றிப் பேசுவதில்லை. இருக்கும் இடத்தைக் காட்டுகிற கைக்கடிகாரம் ஒன்றை அப்பாவுக்கு வாங்கி வந்திருந்தார். பெரியப்பா அதைக் கழற்றவில்லை. அதில் போன் எண் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதால் இருக்கலாம்.

"ரயன், இந்த லைன வெட்டச் சொல்லிடு," என்றார் பெரியம்மா.

"இருக்கட்டும் மம்மி. நான் சும்மா சொன்னேன் அப்ப. நானே கட்டுறேன்."

"வெட்டிடு. யாருக்கு வச்சிருந்தேனோ அவரே விட்டுட்டாரு."

ரயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக மோனோரயில் போவதைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

என்றைக்கு வெட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. யாரும் வீட்டுக்கு வரவில்லை. அதெல்லாம் இப்போது எங்கோ உட்கார்ந்தே செய்துவிடுகிறார்கள். போன் அது இருந்த இடத்திலேயே, மாதா படத்துக்குக் கீழே, பெரியம்மா பின்னிய துணிவிரிப்பின் மேல் இருந்தது.

பிறகு ஒரு பின்னேரம், நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தோம். பெரியப்பா எழுந்து போய் ரிசீவரை எடுத்தார். பல வாரங்களாக அதைத் தொடாதவர். காதில் வைத்துக் கேட்டார். கொக்கியை விரலால் தட்டித் தட்டி மறுபடியும் கேட்டார். வேலை தெரிந்தவரின் தட்டல். முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"லேனா," என்றார். "லைன் டெட்."

பெரியம்மா கையிலிருந்த செபமாலையை மடியில் வைத்தார்.

"ஆமாங்க," என்றார்.

"நான் போய் பாக்கட்டுமா?"

வெளியே நல்ல வெயில். கோவில் வளவில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மழை வருது," என்றார் பெரியம்மா. "நாளைக்குப் போலாம்."

அவர் ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரியம்மா எழுந்து போய்க் கிரில் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.